தலை குனியும் வெங்காயம்

(எபிசோடின் பேச்சு வடிவம், வாசிப்புக்கு ஏற்றபடி கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு குற்ற ஒப்புதலோட ஆரம்பிக்குது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஏப்ரல் மாசம். சிகாகோவுக்கு வெளியே ஒரு காட்டுக்குள்ள நண்பர்களோட நடக்கப் போயிருந்தேன். மாசக்கணக்கா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த பிறகு முதல் நல்ல வெயில். மரம் எல்லாம் இன்னும் மொட்டையா நிக்குது. ஆனா தரை மட்டும் பச்சைப் பசேல்னு இருக்கு. அகலமான, வழவழப்பான இலைகள். கூட வந்தவன் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, என் மூக்குக்கிட்ட நீட்டினான். வெங்காயமும் பூண்டும் ஒண்ணா வதங்குற வாசனை.

இங்கே அதுக்கு ராம்ப்ஸ்னு பேரு. ஒருவகைக் காட்டு வெங்காயம். வசந்தம் வந்தா பெரிய ரெஸ்டாரன்ட் மெனுவுல எல்லாம் இடம் பிடிச்சிடும். நாங்க யோசிக்கவே இல்ல. கையில கிடைச்ச குச்சியை வெச்சுத் தோண்டி, ஒரு பிளாஸ்டிக் பை நிறைய எடுத்துட்டு வந்தோம். பாதியை முட்டைப் பொரியல்ல போட்டாச்சு. மீதி ஒரு டஜன் செடியை வீட்டு முன்னாடி, வெயில் நல்லா விழுற இடமா பாத்து நட்டேன். தினமும் தண்ணி ஊத்தினேன்.

மே கடைசியில இலை மஞ்சளாச்சு. ஜூன்ல ஒண்ணுமே இல்ல. அடுத்த வருஷமும் வரல.

பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க, எழுபது வயசுக்கு மேல, நாள் முழுக்க தோட்டத்துலதான். அவங்ககிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க: "விதையிலேருந்து பூக்குற வயசுக்கு வர அதுக்கு அஞ்சாறு வருஷம், சில சமயம் ஏழு வருஷம் ஆகும். நீ பிடுங்கினதுல சிலது உன் காரைவிட வயசானது."

அன்னைக்குத்தான் இந்த வெங்காயங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். சாப்பிடுறதுக்கு இல்ல, தோட்டத்துல பூவுக்காக வளர்க்குறதுக்கு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஊர் பேரே வெங்காயம்தான்

முதல்ல ஒரு சின்ன வரலாறு. இது எனக்கு வலிச்ச வரலாறு.

சிகாகோங்கற பேர் மயாமி-இலினாய்ஸ்ங்கற பூர்வகுடி மொழியிலேருந்து வந்தது. அந்தச் சொல் ஷிகாக்வா. ஸ்கங்க்னு ஒரு நாத்தம் பிடிச்ச விலங்கு இருக்கே, அதையும் குறிக்கும்; காட்டு வெங்காயத்தையும் குறிக்கும். ரெண்டுக்கும் பொது அம்சம் என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பிரெஞ்சுக்காரங்க காதுல விழுந்து, அவங்க எழுத்துல பல மாதிரி திரிஞ்சு, கடைசியில சிகாகோ ஆச்சு.

ஆனா எந்த வெங்காயம்? இங்கே ஒண்ணுக்கு மேல இருக்கே. ரொம்ப நாளா, புல்வெளியில பூக்குற ஒரு இளஞ்சிவப்பு வெங்காயம்தான்னு பலர் எழுதிட்டு இருந்தாங்க. ஆனா 1687-ல இந்தப் பக்கம் வந்த ஆன்ரி ஜூட்டெல்ங்கற பிரெஞ்சுக்காரர், அந்தச் செடி காட்டுக்குள்ள வளரும் ஒருவகைப் பூண்டுன்னு விவரமா எழுதி வெச்சிருந்தார். அந்தக் குறிப்பை வெச்சு ஜான் ஸ்வென்சன்ங்கற ஆய்வாளர் 1991-ல ஒரு கட்டுரை எழுதினார். அது ராம்ப்ஸ்தான்னு அவர் வாதம். இன்னைக்குப் பெரும்பாலும் அதைத்தான் ஏத்துக்கறாங்க.

அதாவது, நான் ஊர் பேரையே வேரோட பிடுங்கி, முட்டையில போட்டுச் சாப்பிட்டிருக்கேன்.

தப்பு எங்கே நடந்தது?

பிடுங்கினது முதல் தப்பு. சிகாகோவைச் சுத்தி இருக்கிற பொதுக் காடுகள்ல செடியைத் தோண்டி எடுக்க அனுமதி கிடையாது. கனடாவுல கியூபெக் மாகாணம் 1995-லேயே ராம்ப்ஸ் விற்பனையைத் தடை பண்ணிடுச்சு, அந்த அளவுக்கு அங்கே அது குறைஞ்சு போச்சு. ஏழு வருஷம் வளர்றதை ஒரு மத்தியானத்துல எடுத்தா எந்தக் காடும் தாங்காது.

நட்ட இடம் ரெண்டாவது தப்பு. ராம்ப்ஸோட காலண்டர் தனி. மரங்கள் இலை விடுறதுக்கு முன்னாடி, தரையில வெயில் விழுற அந்த ஏழெட்டு வாரம்தான் அதுக்கு வாழ்க்கை. ஏப்ரல்ல இலை விடும். மேல மேப்பிள் மரம் குடை விரிச்சதும் இலை காஞ்சிடும். அதுக்கப்புறம் கோடையில, இலையே இல்லாம, ஒரு குச்சி மட்டும் மேல வந்து வெள்ளையா பூக்கும். இதைத் தெரியாம நான் அதை நாள் முழுக்க வெயில் காயுற இடத்துல நட்டு, "என்ன குறை வெச்சேன்"னு கேட்டுட்டு இருந்தேன்.

நம்ம வீட்டு முன்னாடி வெயில் பட்டைக்கு வேண்டியது காட்டு வெங்காயம் இல்ல. பிரெய்ரி வெங்காயம். பிரெய்ரின்னா நடு அமெரிக்காவுல பரந்து கிடந்த அந்தப் பெரிய புல்வெளி.

கடையில கிடைக்குற அல்லியம்

அல்லியம்ங்கறது வெங்காயம், பூண்டு எல்லாம் சேர்ந்த பேரினத்தோட பேரு. வட அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட தொண்ணூறு அல்லியம் வகைகள் இயற்கையா வளருது. ஆனா தோட்டக் கடையில போய் அல்லியம் கேட்டா, இலையுதிர் காலத்துல வலைப்பையில போட்டு விக்குற பெரிய கிழங்கைத்தான் கொடுப்பாங்க. அடுத்த வருஷம் மே, ஜூன்ல ஊதா நிறத்துல கிரிக்கெட் பால் மாதிரி, சிலது அதைவிடப் பெரிசா பூக்கும். இன்ஸ்டாகிராம்ல பாத்திருப்பீங்க.

அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட மூதாதைகள் பெரும்பாலும் மத்திய ஆசியா பக்கத்து மலைச்செடிகள். சூடு வந்ததும் மண்ணுக்குள்ள தூங்கப் போயிடும். பூ இருக்கும்போதே இலை பழுத்துத் தொங்க ஆரம்பிக்கும். ஜூலையில அந்த இடம் வெறும் மண்ணாக் கிடக்கும்.

உள்ளூர்ச் செடிகள் இதுக்கு நேர் எதிர். மத்தவங்க முடிக்கிற நேரத்துல இவங்க ஆரம்பிப்பாங்க.

முதல் ஆள்: தலை குனியும் வெங்காயம்

அறிவியல் பேர் அல்லியம் செர்னூம். செர்னூம்னா லத்தீன்ல குனிஞ்சதுன்னு அர்த்தம். 1798-லேருந்து இந்தப் பேரு இருக்கு. இங்கே நாடிங் ஆனியன்னு சொல்லுவாங்க. பிரிட்டிஷ் கொலம்பியாவிலேருந்து நியூயார்க் வரைக்கும், தெற்கே மெக்சிகோ மலைகள் வரைக்கும் காட்டுல கிடைக்கும்.

ஒரு அடி, ஒன்றரை அடி உயரம். இலை புல் மாதிரி மெல்லிசா, கொத்தா இருக்கும், பூக்கும்போதும் பச்சையாவே நிக்கும். ஜூன் கடைசியிலேருந்து ஜூலை, ஆகஸ்ட் வரைக்கும் பூ. தண்டு நேரா மேல போய், பூவுக்குக் கொஞ்சம் கீழ கைத்தடி பிடி மாதிரி வளையும். அந்த வளைவுல இருபது முப்பது குட்டிப் பூ, வெள்ளையிலேருந்து இளஞ்சிவப்பு வரைக்கும், தரையைப் பாத்துத் தொங்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பூ முடிஞ்ச பிறகு நடக்கிறது. காய் பிடிக்க ஆரம்பிச்சதும் ஒவ்வொரு காம்பா நிமிரும். பூவா இருந்தப்போ தரையைப் பாத்தது, காயானதும் வானத்தைப் பாக்கும். பூ குனிஞ்சு இருக்கிறதால மழைத்தண்ணி உள்ளே தேங்காது. காய் நிமிர்ந்து வெடிக்குறதால விதை ஒரு கிண்ணத்துல இருக்கிற மாதிரி இருந்து, காத்து ஆட்டும்போது சிதறும்.

ரெண்டாவது ஆள்: பிரெய்ரி வெங்காயம்

அல்லியம் ஸ்டெல்லாட்டம். உயரம் கிட்டத்தட்ட அதேதான், நிறமும் கிட்ட வரும். ஆனா விரிஞ்ச பூக்கொத்து குனியாது, நேரா நிமிர்ந்து ஒரு சின்ன வாணவேடிக்கை மாதிரி நிக்கும். இது நடு அமெரிக்காச் செடி. சுண்ணாம்புப் பாறை மேல இருக்கிற மெல்லிய, வறண்ட மண் இதுக்குப் பிடிக்கும். பூக்குறது ஜூலை கடைசியிலேருந்து செப்டம்பர் வரைக்கும்.

இப்போ கணக்குப் போடுங்க. ரெண்டையும் ஒரே பட்டையில வெச்சா, ஜூன் கடைசியிலேருந்து செப்டம்பர் வரைக்கும் ஏதோ ஒண்ணு பூத்துட்டே இருக்கும்.

மூணாவதா ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட மட்டும் கவனம். அல்லியம் கனடென்ஸ். உள்ளூர்ச் செடிதான். ஆனா பூ வர வேண்டிய இடத்துல நிறைய குட்டிக் குட்டி வெங்காயம் பிடிச்சு, கீழ விழுந்து, ஒவ்வொண்ணும் ஒரு செடியாகும். சின்னத் தோட்டத்துல விட்டா அப்புறம் தோட்டம் அவருது, நீங்க வாடகைக்கு இருக்கீங்க. அதனால லேபிள்ல அல்லியம்ங்கற முதல் பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க. ரெண்டாவது பேரைப் படிங்க.

நடுறது எப்படி?

இடம்: நல்ல வெயில். செர்னூம் அரை நிழலையும் தாங்கும், களிமண்ணையும் தாங்கும். ஸ்டெல்லாட்டத்துக்குத் தண்ணி தேங்கவே கூடாது. நான் முதல்ல அதைத் தக்காளிப் பாத்தி ஓரத்துல, சொட்டுநீர்க் குழாய் பக்கத்துல நட்டேன். நல்லா கவனிச்சுக்கறதா நினைப்பு. ஒரே சீசன்ல மூணு செடி அழுகிடுச்சு. அதுக்கப்புறம் கல்லு கலந்த சாய்வான ஓரத்துக்கு மாத்தினேன். உரம் போடல. நட்ட முதல் வருஷம் வேர் பிடிக்கத் தண்ணி ஊத்தினேன், அப்புறம் மழையே போதும்னு விட்டாச்சு. இப்போதான் சந்தோஷமா இருக்கு.

இடைவெளி: இருபதிலிருந்து முப்பது செண்டிமீட்டர். தொட்டியில வாங்கினா, தொட்டியில எவ்வளவு ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழம். ஒண்ணு ஒண்ணா தள்ளித் தள்ளி வைக்காம, அஞ்சு ஏழுன்னு கூட்டமா வைங்க. தனியா நின்னா புல்லுன்னு நினைச்சு நீங்களே பிடுங்கிடுவீங்க. நான் பிடுங்கியிருக்கேன். சந்தேகம் வந்தா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்க.

விதை: பாக்கக் கருஞ்சீரகம் மாதிரி இருக்கும். இதுக்கு ஈரமும் குளிரும் சேர்ந்து சுமார் 60 நாள் வேணும், இல்லைன்னா முளைக்கிறதுல தகராறு பண்ணும். ஃப்ரிட்ஜ்ல ஈர மணலோட வைக்கலாம். நான் பண்ணுறது இன்னும் சுலபம். ஜனவரியில காலி பால் கேனை நடுவுல வெட்டி, அடியில ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதையைத் தூவி, மேல லேசா மண்ணு போட்டு, மறுபடி டேப் ஒட்டி, மூடியைக் கழட்டிட்டு, வெளியே பனியில வெச்சிடுவேன். குளிர்காலமே வேலையைப் பாத்துக்கும். ஏப்ரல்ல திறந்தா பச்சை நூல் மாதிரி முளைச்சிருக்கும்.

அந்த வருஷம் முழுக்க அது நூல்தான். ரெண்டாவது வருஷம் புல். சிலது அப்பவே பூக்கும். பெரும்பாலும் மூணாவது வருஷம்தான்.

பெருக்குறது: நம்ம ஊர் சின்ன வெங்காயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒண்ணு நட்டா அடியில கூட்டமா பிடிக்குமே, செர்னூமும் அப்படித்தான். மூணு நாலு வருஷம் கழிச்சு, வசந்தத்துல கொத்தைத் தோண்டி, கையால பிரிச்சு, வேற இடத்துல வைக்கலாம். நண்பர்களுக்குக் கொடுக்கலாம். காட்டுக்குப் போய்த் தோண்ட வேண்டிய அவசியமே இல்ல.

விதை அங்கங்க விழுந்து முளைக்கும். வேண்டாம்னா காய் வெடிக்கிறதுக்கு முன்னாடி தலையை வெட்டிடுங்க. சுத்தமா பரவவே கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு சம்மர் பியூட்டின்னு ஒரு மலட்டு வகை இருக்கு. அது உள்ளூர்ச் செடி இல்ல, ஆனா விதையால பரவாது. சிகாகோ மில்லேனியம் பார்க்ல 2004-ல திறந்த லூரி கார்டன்ல பாக்கலாம். பீட் ஆவ்டால்ஃபோட செடி வடிவமைப்பு. கீழ கார் பார்க்கிங், மேல புல்வெளித் தோட்டம்.

துணைக்கு என்ன வைக்கலாம்? வெங்காயத்தை அமுக்காத செடிகள். லிட்டில் புளூஸ்டெம், பிரெய்ரி டிராப்சீட் மாதிரிக் கொத்துப் புற்கள். ஆரஞ்சு நிற பட்டர்ஃபிளை வீட். முயலும் மானும் வெங்காய வாசனைக்குப் பயந்து பெரும்பாலும் சீண்டுறதில்ல. என் தோட்டத்துல டியூலிப் ஒண்ணுகூட மிஞ்சல, வெங்காயம் அப்படியே நிக்குது.

வாசனை இல்லாத வெங்காயத்தை நம்பாதீங்க

இது முக்கியம், தள்ளிப் போகாதீங்க. நம்ம ஊர்ல நரி வெங்காயம் கேள்விப்பட்டிருப்பீங்க. பேர்ல வெங்காயம், ஆனா வெங்காயக் குடும்பம் இல்ல, இதயத்தைப் பாதிக்குற விஷம் உள்ளது. அதே மாதிரி இங்கே டெத் காமஸ்னு ஒரு செடி. கிழங்கும் இலையும் காட்டு வெங்காயம் மாதிரியே இருக்கும், அதே புல்வெளியில வளரும். பேர்லயே சாவு இருக்கு. ராம்ப்ஸ் இலைக்கு லில்லி ஆஃப் தி வேலியோட இலை குழப்பும், அதுவும் விஷம். இது எதுலயும் வெங்காய வாசனை இருக்காது. ஆனா வெங்காயம் தொட்ட கையில எல்லாமே வெங்காயமாத்தான் மணக்கும், அதனால முகர்ந்து பாத்தது மட்டும் போதாது. தெளிவாத் தெரியாத எதையும் வாயில வைக்காதீங்க. வீட்டுல நாய், பூனை இருந்தா, எந்த வெங்காயமுமே அதுங்களுக்கு ஆகாது. வேலி போடுங்க.

அம்மா கேட்ட கேள்வி

அம்மாகிட்ட வீடியோ கால்ல காமிச்சேன். "ஏன்டா, வெங்காயம் பூ விட்டா வீணாப் போச்சுன்னு அர்த்தம். நீ பூவுக்குன்னே வளர்க்குறியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஒண்ணுக்கும் ஆகாதவனை நாம "போடா வெங்காயம்"னுதானே சொல்றோம்.

போன ஜூலையில அதுக்குப் பதில் கிடைச்சுது. அந்த நூல் எல்லாம் மூணாவது வருஷம் பூத்தது. காலையில காபியோட போய் உக்காந்தேன். ஒரு பம்பிள் பீ, நல்ல குண்டுத் தேனீ, வந்து பூக்கொத்தோட அடியில தலைகீழாத் தொங்குது. அது எடைக்குத் தண்டு இன்னும் வளைஞ்சு ஆடுது. அது விடல. ஒவ்வொரு பூவா தேனெடுத்துட்டு அடுத்ததுக்குப் போச்சு.

இலினாய்ஸ் மாநிலத்துல ஒரு காலத்துல 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்துச்சு. இன்னைக்குக் கெடாம மிஞ்சினது சில ஆயிரம் ஏக்கர்கூட முழுசா தேறாது, அதாவது பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவு. மிச்சம் எல்லாம் சோளம், சோயா, ரோடு, வீடு. என் வீடும் அதுல ஒண்ணு. ரஸ்டி பேட்ச்ட் பம்பிள் பீங்கற தேனீயை 2017-ல அமெரிக்க அரசு அழியும் நிலையில இருக்கிற இனமா அறிவிச்சுது. அது இன்னும் மிஞ்சியிருக்கிற சில இடங்கள்ல சிகாகோ சுற்றுவட்டாரமும் ஒண்ணு. என் தோட்டத்துக்கு வந்ததில்ல. பதினஞ்சு வெங்காயச் செடி வெச்சு நான் பிரெய்ரியைத் திருப்பிக் கொண்டு வந்துடப் போறதும் இல்ல. ஆனா ஜூலையில பசியோட ஒரு தேனீ வந்தா, நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஒண்ணும் இருக்காது. இப்போ இருக்கு.

குளிர்காலம் இல்லாத ஊர்ல இருந்து கேட்கிறவங்களுக்கு: இது சென்னை மொட்டை மாடிக்கு ஏத்த செடி இல்ல, அதுக்குக் குளிர் வேணும். ஆனா உங்க ஊர்க் குளத்தங்கரையில, வேலியோரத்துல தானா என்ன பூக்குதுன்னு ஒருதடவை குனிஞ்சு பாருங்க. பிடுங்காம பாருங்க.

கடைசியா ஒண்ணு. பாட்டி வீட்டு மேப்பிள் மரத்தடியில, அவங்க அனுமதியோட, ரெண்டு இலையுதிர் காலத்துக்கு முன்னாடி நர்சரியில வாங்கின ராம்ப்ஸ் விதை கொஞ்சம் போட்டேன். முதல் வசந்தத்துல ஒண்ணும் வரல. இந்த ஏப்ரல்ல போய், காஞ்ச இலையை ஒதுக்கிப் பாத்தேன். ஒன்பது செடி. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு இலை, விரல் நீளம்கூட இல்ல.

நான் பிடுங்கினது ஒரு பை நிறைய. பூக்க இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும்னு பாட்டி சொல்றாங்க. அவங்க வயசுல அதைச் சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே தண்ணி ஊத்தினாங்க.

உங்க ஊர்ல நீங்க தெரியாம பிடுங்கின செடி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.